இருபத்து மூன்றாம் குழி

பிப்ரவரி 4

தங்கைக்கு,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. எட்டு வருஷமாகப் பேசாதவள் இப்போது மட்டும் எடுப்பாய் என்று எதிர்பார்த்தது என் புத்தி. அதனால் கடிதம். போன் என்றால் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைக் கிழிக்கிறவர்கள்கூட ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள்.

மாநகராட்சியிலிருந்து நேற்று எனக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது. உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலத்தை இயற்கைப் பகுதிகள் காப்புத் திட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு கிடங்குக் கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. எல்லையே தவறாம். மார்ச் 12 விசாரணை. எல்லை அளந்தவன் நான் என்பதால் நான் போய் நிற்க வேண்டும்.

அந்தத் திட்டத்துக்குப் பதினேழு வருஷம் உழைத்தவன் நான். பாம்புக்கும் அட்டைக்கும் நடுவில் இடுப்பளவு சேற்றில் நின்றவன் நான். மேடையில் ஏறி விருது வாங்கியது என் மேலதிகாரி, அந்த வெள்ளைச் சட்டை. அவருடைய சட்டையில் ஒரு நாளும் சேறு பட்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். கேள்வி கேட்டேன் என்று என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றினார். நான் வேலையை விட்டேன். இப்போது இந்த ஊரில், செடியின் பெயரைச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். இன்றைக்கு எல்லையைக் காப்பாற்ற யார் வேண்டுமாம்? நான் வேண்டுமாம்.

நேராகக் கேட்கிறேன். இதில் உன் கை இருக்கிறதா? எல்லையோரம் இருக்கும் வீட்டுக்காரர்களின் புகாரை வைத்துத்தான் மனு என்று எழுதியிருக்கிறது. உன் கொல்லைப்புறம் எல்லைக்குள் போனதை நீயும் மாப்பிள்ளையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

உனக்கும் அழைப்பு வரும். என் உதவியாளன் வராத அன்று டேப் பிடித்தவள் நீ. இருபது முதல் இருபத்தைந்து வரை ஆறு குழிகளுக்கு என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்து இருக்கிறது. முறை உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். முழங்கை ஆழம் குழி. தண்ணீர் வருஷக்கணக்கில் நின்ற மண் சாம்பல் நிறமாகிவிடும். நிற்காத மண் மஞ்சளாகவே இருக்கும். சாம்பல் எங்கே முடிகிறதோ அங்கே கல். கல்லுக்கு உள்ளே ஒரு கூடை மண் கொட்டக் கூடாது, ஒரு கம்பம்கூட நடக் கூடாது. நாற்பத்தொரு குழி, நாற்பத்தொரு கல். ஒன்றுகூடத் தப்பில்லை.

இரண்டு கையெழுத்துக்காரர்களும் ஒரே பதில் சொன்னால் மறுபடி தோண்டிப் பார்க்கமாட்டார்கள்; அதுதான் விதி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். என்ன நிறம் என்று கேட்டால் சாம்பல் என்று சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. யூனிஃபார்ம் அளவு எழுதும் தாளின் பின்பக்கத்தில் பதில் எழுதுகிறேன். இடுப்பு 26, நீளம் 30 என்று தெரிந்தால் அது உங்களுக்கு இல்லை.

நாங்கள் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. கம்பெனி வக்கீல்தான் போன மாதம் வீட்டுக்கு வந்தார். நல்ல பேச்சு. செருப்பை வாசலிலேயே கழற்றினார். தண்ணீர் கொடுத்தேன். கையில் வரைபடம். அதை என் தையல் மெஷின் மேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, கோடு பூரா ஒழுங்கா வாய்க்கால ஒட்டியே போகுது. உங்க வீட்டுக்கிட்ட வந்ததும் மட்டும் மூக்க நீட்டுதே, பாத்தீங்களா?"

"கோடு போட்டவங்களக் கேளுங்க."

"போட்டது உங்க அண்ணனாமே?"

"ஆமா."

"அண்ணன் தங்கச்சி ஏதாவது..." என்று இழுத்தார்.

"எங்க வீட்டுக் கதை எதுக்கு சார் உங்களுக்கு? துணி தைக்கணும்னா சொல்லுங்க, அளவு எடுக்கிறேன்," என்றேன். சிரித்துக்கொண்டே போனார். ஆனால் வரைபடத்தை மறக்கிற மாதிரி மெஷின் மேலேயே விட்டுவிட்டுப் போனார். தினமும் அதைப் பார்க்கிறேன். மூக்குதான்.

அண்ணா, நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நாற்பத்தொரு கல்லில் ஒன்றுகூடத் தப்பில்லை என்றால், என்ன நிறம் என்பதை எனக்கு ஏன் சொல்லித் தருகிறீர்கள்?

இருபத்து மூன்றாவது குழி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். நீங்கள் மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தீர்கள். நான் டேப்பின் இந்தப் பக்கம் நின்றேன். கையெட்டும் தூரம். அது சந்தன நிறத்தில் இருந்தது. கையை உதறிவிட்டு நோட்டில் "சாம்பல்" என்று எழுதினீர்கள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். போட்டேன்.

எனக்குப் படிப்பு கம்மி. கண் கம்மி இல்லை.


பிப்ரவரி 16

தங்கைக்கு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு நாளில் நீ ஒரு முறைகூட என்னை ஆச்சரியப்படுத்தியதில்லை.

மண்ணின் நிறத்தைப் பார்க்க ஒரு முறை உண்டு. ஈர மண் வேறு, காய்ந்த மண் வேறு. நிழலில் பார்ப்பது வேறு, வெயிலில் பார்ப்பது வேறு. நீ நின்ற பக்கம் வெயில். சந்தேகம் வந்தால் உள்ளே சேர்த்துக்கொள் என்று எங்கள் கையேட்டில் அச்சிட்ட விதியே இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்தது, சேர்த்தேன். ஒரு விஞ்ஞானியின் தீர்ப்பைத் தையல்காரி திருத்துவது என்றால் நாளைக்கு நான் உன் மெஷினில் உட்கார்ந்து காலர் வைக்கிறேன்.

இத்தனை தெளிவாகத் தெரிந்தவள் அன்றைக்கே ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏன் என்று நான் சொல்கிறேன். அந்த வீட்டில் நிற்கும்போது என் முகத்தைப் பார்த்துப் பேச உனக்குத் தைரியம் கிடையாது. அப்பா எழுதி வைத்ததை நான் மறக்கவில்லை. "பெரியவனுக்குப் படிப்பு குடுத்தாச்சு, வீடு சின்னவளுக்கு." ஒரே வரி. படிப்பைக் கொடுத்தாராம். ஸ்காலர்ஷிப்பில் படித்தவன் நான். ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே ஒரு நல்ல பேன்ட். கடைசி காலத்தில் நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாய், இல்லை என்று சொல்லவில்லை. நான் பார்க்கமாட்டேன் என்றா சொன்னேன்? யாராவது என்னைக் கேட்டார்களா? காரியம் முடிந்து நான் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறேன், நீ வாசலில் நின்று "போய்ட்டு வாங்கண்ணா" என்கிறாய். என் வீட்டு வாசலில் நின்று எனக்கு விடை கொடுக்கிறாய்.

அது போகட்டும். அந்தக் கல்லால் உனக்கு என்ன பெரிய நஷ்டம்? மாப்பிள்ளை பின்னால் ஒரு ஷெட் போட முடியவில்லை. அவ்வளவுதானே. நாலு மேஜையை முன்னறையில் வைத்து பாலிஷ் அடித்துவிட்டுப் போகிறார். அதற்கு எட்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாய்.

விசாரணையில் நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

ஆமாம். முன்னறையில் வைத்துத்தான் அடித்தார்.

பின்னால் திறந்தவெளியில் ஷெட் போட்டு பாலிஷ் அடிக்கத்தான் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. நீங்கள் அப்போது அந்த அலுவலகத்தில்தான் இருந்தீர்கள். உங்களிடம் வந்து நின்றார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பினீர்கள். வந்து என்னிடம் சொன்னார்: "உங்க அண்ணன் நேர்மையான மனுஷன். சொந்தத் தங்கச்சிக்கே சலுகை காட்டல, பாரு." பெருமையாகச் சொன்னார் அண்ணா. அன்றைக்கு உங்களோடு பேசுவதை நிறுத்தியது நான் மட்டும்தான். அவர் இல்லை.

முன்னறையில் ஒரே ஜன்னல். ஸ்ப்ரே அடிக்கும்போது அதையும் சாத்த வேண்டும், தூசி ஒட்டிவிடும். வாயில் கைக்குட்டை. தின்னர் வாசனை என் சேலையில், சோற்றில், தலையணையில். ஆறாவது வருஷம் இருமல். போன வருஷம் மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எத்தனை வருஷமா பூட்டின ரூம்ல அடிச்சீங்க?" என்று கேட்டார். இவர் விரல் விட்டு எண்ணினார். டாக்டர் பாதியிலேயே "போதும்" என்றுவிட்டார்.

இப்போது பின் ஜன்னல் பக்கம் கட்டில். பக்கத்தில் சிலிண்டர். மூக்கில் குழாய். பகல் முழுவதும் சதுப்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். "அந்தக் கொக்கு நேத்து வந்த அதே கொக்குதான்" என்பார். எனக்கு எல்லாக் கொக்கும் ஒன்றுதான். வைத்தியம் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். பயத்தால் இல்லை. வீடு எனக்கு வந்ததில் எனக்கே உறுத்தல் இருந்தது. நீங்கள் பெட்டியோடு நின்றது என் கண்ணிலேயே இருந்தது. நீங்கள் பொய் எழுதியபோது, சரி, அண்ணனுக்கு ஆத்திரம், கொல்லைப்புறத்து நாற்பது அடியை எடுத்துக்கொண்டு மனசு ஆறட்டும் என்று நினைத்தேன். ஆறினால் பழையபடி வருவீர்கள் என்று நினைத்தேன். அந்த நாற்பது அடியில் இவருடைய மூச்சு இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால் அதை மட்டும் உங்கள் மேல் போடவில்லை.

இருபத்து மூன்றாவது குழியைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. நேர்மையான மச்சான் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை.

விசாரணையில் என்ன சொல்வேன் என்று எழுதமாட்டேன். உங்களுக்கு எப்படி முடிகிறதோ அப்படி நீங்கள் பேசுங்கள்.


மார்ச் 6

தங்கைக்கு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கசக்கிக் கொண்டிருக்கிறேன்.

அது மஞ்சள்தான். குழி வெட்டும்போதே தெரிந்துவிட்டது. மண்வெட்டி இறங்கும் சத்தமே வேறு. நியாயமான எல்லை வாய்க்காலோடு முடிந்திருக்க வேண்டும். குனிந்து மண்ணை அள்ளினேன். நிமிர்ந்தபோது எதிரில் அப்பாவின் துவைக்கிற கல். அதற்குப் பின்னால் கொடியில் மாப்பிள்ளையின் சட்டைகள் காய்ந்தன. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதற்குப் பிறகு ஒன்பது வருஷம், நான் செய்தது விஞ்ஞானம் என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். வெள்ளைச் சட்டையைத் திட்டும்போதெல்லாம் என் கோடு சுத்தம் என்று சொல்லித்தான் திட்டினேன்.

மாப்பிள்ளை என் மேஜை முன்னால் நின்றது ஞாபகம் இருக்கிறது. கையில் ஷெட்டுக்கு அவரே வரைந்த படம். பென்சிலில். ஜன்னல் எங்கெங்கே என்றுகூடக் குறித்திருந்தார். நாலு பக்கமும் ஜன்னல்.

இன்று காலை விசாரணைக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். இருபத்து மூன்றாவது குழியின் பதிவு பொய், அதை எழுதியது நான், டேப் பிடித்தவள் நான் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டாள், அவளுக்கு இதில் பங்கில்லை. அந்த ஒரு கல்லை மட்டும் வாய்க்காலுக்குத் தள்ளி நடுங்கள், மற்ற நாற்பதும் சுத்தம். இப்படித்தான் எழுதியிருக்கிறேன். நேரில் வரவில்லை. அந்த அறையில் வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இதைச் சொல்ல என்னால் முடியாது. எழுத முடிந்தது, எழுதிவிட்டேன்.

உன் நாற்பது அடி உனக்குத் திரும்பும். மாப்பிள்ளைக்கு இனி அது எதற்கு என்று கேட்பாய். கேள். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் செய்தேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடியும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணாவுக்கு,

மாலை ஐந்து மணி. இப்போதுதான் வந்தேன். சேலைகூட மாற்றவில்லை.

முடிந்தது. நீங்கள் வரவில்லை என்றதும் எனக்கு முதலில் கோபம்தான். அப்புறம் நல்லதாகப் போயிற்று என்று பட்டது. உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

சின்ன அறை. சுவரில் எல்லாக் காப்புப் பகுதிகளும் பச்சைப் பச்சையாக வரைந்த பெரிய படம். நம்முடையது ஓரத்தில், வெற்றிலை அளவு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் உங்கள் வெள்ளைச் சட்டை. நிஜமாகவே வெள்ளை, கஞ்சி போட்டது. சத்தியம் வாங்கினார்கள்.

வக்கீல் எழுந்தார். "இருபத்து மூணாவது குழியில நீங்க பாத்த மண்ணு என்ன கலரும்மா? பயப்படாம சொல்லுங்க. உண்மையச் சொன்னா உங்க இடம் உங்களுக்குத் திரும்ப வரும்."

"சாம்பல்," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் நூல் கலர் பாத்து வாங்குறவ சார். எனக்குச் சாம்பல் தெரியும்."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வக்கீல் பேப்பரை அடுக்க ஆரம்பித்தார். அண்ணன் வராவிட்டாலும் அவர் நோட்டில் எழுதியதும் தங்கை சொன்னதும் ஒத்துப் போகிறது, மறுபடி தோண்ட வேண்டியதில்லை, சாயங்காலம் உத்தரவு என்று வெள்ளைச் சட்டை எழுதிக்கொண்டார்.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். உங்களுக்காக என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்; கொஞ்சம் உங்களுக்காகவும்தான். வாசலில் வக்கீலும் கம்பெனி ஆளும் பேசியது என் காதில் விழுந்தது. "ஒரு குழி பொய்னு வரட்டும், நாப்பத்தொண்ணும் போச்சு. ஒரே ஆள் எழுதினதுதானே எல்லாம்." சதுப்பில் மண் கொட்டினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் கட்டிலுக்கு அடியில். அவர் பார்த்துக்கொண்டிருக்கிற ஜன்னலுக்கு வெளியே லாரி நிற்பதை நான் எப்படி அவருக்குக் காட்டுவேன்? அவர் இருக்கும்வரையாவது அந்தக் கொக்கு வந்து போகட்டும்.

சத்தியம் செய்து பொய் சொன்னேன். உங்கள் பொய்யை இப்போது நானும் சுமக்கிறேன். இனி இரண்டு பேருக்கும் ஒரே கனம்.

மார்ச் 14

இதைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் வந்துவிட்டது. பின்னாலேயே அலுவலகத்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். நீங்கள் குழுவுக்கு அனுப்பிய பதிவுத் தபால், நான் பேசிவிட்டு வந்த அன்று மாலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்ததாம். உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருந்ததாம்.

என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை எனக்கு முன்னாலேயே சொல்லக் கூடாதா அண்ணா? ஒரு போன்? மூன்று முறை அடித்தவர் நாலாவது முறை அடிக்கக் கூடாதா? நான் எடுத்திருப்பேன். மாத்திரைக் கடைக்காரர் கூப்பிடுவார் என்று இப்போதெல்லாம் எல்லா அழைப்பையும் எடுக்கிறேன்.


மார்ச் 20

தங்கைக்கு,

இன்று மதியம் உன் கடிதம் கிடைத்தது. ஐந்து நிமிஷத்தில் பதில் எழுதுகிறேன். தபால் பெட்டி திறக்கும் நேரம்.

நான் வருகிறேன். வந்து குழுவின் முன்னால் நிற்கிறேன். உன்னை நான் மிரட்டினேன் என்று சொல்கிறேன். அண்ணன் மிரட்டினான், தங்கை பயந்து சாம்பல் என்று சொன்னாள். பிப்ரவரி நாலாம் தேதிக் கடிதத்தில் "சாம்பல் என்று சொல்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து வை. அது உன்னைக் காப்பாற்றும்.

மற்ற நாற்பது குழியும் உண்மை. நாற்பதும் உண்மை. ஒவ்வொன்றையும் தோண்டிக் காட்டுகிறேன் என்று சொல்வேன். என்னை நம்பமாட்டார்கள், தெரியும். மண்ணையாவது நம்பலாமே.

மாப்பிள்ளையை நான் பார்க்கலாமா? பார்க்கக் கூடாது என்று நீ சொன்னால் வாசலோடு நின்றுவிட்டு வருகிறேன்.

போன் செய்தேன். மணி அடிக்கவே இல்லை. அணைத்து வைத்திருக்கிறாயா?

அண்ணன்


மே 9

அண்ணாவுக்கு,

நீங்கள் வந்தது தெரியும். வாசலில் நின்றது தெரியும். கதவை நான்தான் திறக்கவில்லை. உள்ளே அவருக்கு அன்றைக்குக் கடைசி மூச்சுகள். யாரோ வாசலில் இருமியது கேட்டு, "உங்க அண்ணன் இருமல் மாதிரி இருக்கே?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். "இல்ல, பால்காரர்," என்றேன். அந்தப் பொய்க்கு யாரும் என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நடந்ததை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை எடுத்து வைக்கவில்லை. பயந்து சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். எச்சரித்து விட்டார்கள். அந்தச் செய்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறது. இந்த வருஷம் யூனிஃபார்ம் வேறு ஆளுக்கு. குழியைத் தோண்டினார்கள். மஞ்சள். வக்கீல் சொன்ன மாதிரியே நாற்பத்தொன்றும் செல்லாது என்றார்கள். நீங்கள் நாற்பதையும் தோண்டிக் காட்டுகிறேன் என்று கத்தியதை வெள்ளைச் சட்டை கேட்டாராம். "புதுசா அளக்க ரெண்டு மழைக்காலம் ஆகும், அதுவரைக்கும் பட்டியல்ல இல்ல," என்று எழுதிவிட்டாராம்.

இரண்டு மழைக்காலம் எதற்கு? அவர்களுக்கு இரண்டு வாரம் போதும். இவர் கண்ணை மூடிய ஐந்தாம் நாள் முதல் லாரி வந்தது. செம்மண்ணும் இடிந்த கட்டடத்துச் செங்கல்லும் கொட்டினார்கள். கோரை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உள்ளே போயிற்று. கொக்கு மூன்று நாள் லாரிக்கு மேலே சுற்றியது. ஒரே கொக்குதான், இப்போது எனக்கும் அடையாளம் தெரிகிறது. நாலாம் நாள் வரவில்லை.

உங்கள் கற்களைப் பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள். இருபத்து மூன்று என்று சிவப்பில் எழுதியதை ஒரு வேலையாள் கொண்டுவந்து, "இது உங்க வீட்டுக் கல்லாம்மா?" என்று கேட்டான். வாங்கிக்கொண்டேன்.

நேற்று மாநகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. என் கொல்லைப்புறத்து நாற்பது அடிக்கு இனி எந்தத் தடையும் இல்லையாம். எட்டு வருஷத்துக்கு முன் இவர் கொடுத்த விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்து, ஷெட் கட்ட அனுமதிக்கிறார்களாம். அவர் பெயருக்கு எழுதியிருக்கிறார்கள். ஜன்னல் நாலு பக்கமும் வைத்த அந்தப் பென்சில் படத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தை உங்களுக்கு அனுப்புகிறேன். படத்தை நான் வைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் மழை. சதுப்புக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நாற்பது அடியிலும் முழங்கால் அளவு நிற்கிறது, வடியவில்லை. இன்று காலை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கையை விட்டு அடி மண்ணை அள்ளிப் பார்த்தேன். இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

அது சாம்பல் ஆக எத்தனை வருஷம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எழுதுங்கள்.